நீக்கியது வேறு, அழித்தது வேறு



நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவன் என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவன். இப்போது சென்னையில் உட்கார்ந்து ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு மெயின்ஃப்ரேம் வேலை பார்க்கிறான். "டீச்சர், பழைய வாடிக்கையாளர் விவரங்களைப் பாதுகாப்பாக அழித்ததற்குச் சான்று வேண்டும் என்று ஆடிட்டர் கேட்கிறார். எங்க மேனேஜரோ, 'அதான் டெலிட் பண்ணியாச்சே, இன்னும் என்னத்தை அழிக்கிறது?' என்கிறார். கம்ப்யூட்டர் தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரி இதை எப்படிச் சொல்வது?" என்று எழுதியிருந்தான்.

ஆளாளுக்கு ஒரு பதில் போட்டீர்கள். ஒரு சிலர் சண்டையும் போட்டீர்கள். நான் விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பணியின் கடைசி வருடங்களில் பிளஸ் டூவுக்குக் கணினி அறிவியலும் எடுத்தவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வீட்டுக் காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன். பதிவு நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நம் பள்ளி நூலகத்தில் இருந்த மர இழுப்பறைப் பெட்டி நினைவிருக்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை. அதில் புத்தகத்தின் பெயர், எந்த அலமாரி, எந்த வரிசை என்று எழுதியிருக்கும். யாரோ ஒருவர் ஒரு புத்தகத்தின் அட்டையை மட்டும் உருவி எறிந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பறையில் தேடுகிறவனுக்கு அந்தப் புத்தகம் இல்லை. ஆனால் அலமாரியில் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. நேரே அலமாரிக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்க்கிறவன் கையில் அது அகப்பட்டுவிடும். அந்த இடம் காலி என்று நினைத்து நூலகர் வேறு புத்தகத்தைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான் பழையது உண்மையிலேயே வெளியே போகிறது.

மெயின்ஃப்ரேமில் டெலிட் என்பது அட்டையை உருவுகிற வேலை. அவ்வளவுதான்.

ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற இயந்திர வரிசையை அறிவித்தது 1964 ஏப்ரல் 7ஆம் தேதி. அதன் வாரிசுகள்தான் இன்றைக்கும் உலகத்தின் பெரிய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் விமான நிறுவனங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே கோப்புக்கு 'டேட்டா செட்' என்று பெயர். ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு பொருளடக்கம் உண்டு. 'விடாக்' என்பார்கள். எந்த டேட்டா செட் எந்தச் சிலிண்டரில், எந்த ட்ராக்கில் ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். டெலிட் என்று கட்டளை கொடுத்தால் பொருளடக்கத்தில் அந்தப் பதிவு போய்விடும். கேட்டலாக் என்கிற பெரிய பெயர்ப் பட்டியலிலிருந்தும் பெயர் போய்விடும். ட்ராக்கில் எழுதியிருந்தது எழுதியபடியே கிடக்கும்.

கணக்கு டீச்சர் என்பதால் ஒரு கணக்கு. 3390 என்ற பிரபலமான டிஸ்கில் ஒரு ட்ராக்கின் கொள்ளளவு 56,664 பைட். ஆளுக்கு நூறு எழுத்து என்று வைத்தால் ஒரே ட்ராக்கில் சுமார் ஐந்நூறு பேரின் பெயரும் முகவரியும் அடங்கும். அப்படி 15 ட்ராக் சேர்ந்தது ஒரு சிலிண்டர். அட்டையை உருவி எறிந்த பிறகு எத்தனை பேரின் கதை அலமாரியிலேயே இருக்கிறது என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஏன் இப்படி வைத்தார்கள்? சோம்பேறித்தனம் இல்லை. அழிப்பது என்றால் அதன் மேல் வேறு எதையாவது எழுத வேண்டும். எழுத எவ்வளவு நேரம் ஆனதோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் அழிக்கவும் ஆகும். இயந்திரத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு எண்ணிய காலம் அது. அட்டையை உருவினால் கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. இடமும் மறுபடி உபயோகத்துக்கு வந்துவிட்டது.

டேட்டாபேஸ் என்று வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. ஐஎம்எஸ் என்ற டேட்டாபேஸ், நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்போலோ திட்டத்துக்காக உருவானது. ராக்கெட்டின் லட்சக்கணக்கான உதிரிபாகங்களுக்குக் கணக்கு வைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. 1968இல் அது முதலில் ஓடியது. இன்றும் ஓடுகிறது. அதில் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் முன்னால் ஒரு சின்னத் தலைப்பகுதி இருக்கும். அதற்குள் ஒரு பைட்டுக்குப் பெயரே 'டெலிட் பைட்'. அதன் ஒரு வகை அமைப்பில், நீக்கச் சொன்னால் அந்த பைட்டில் ஒரு குறி விழும். தரவு அங்கேயேதான் இருக்கும். எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்குகிற 'ரீஆர்க்' வேலை நடக்கும்வரை அப்படித்தான். டி.சி. வாங்கிக்கொண்டு போன பையன் பெயரின் மேல் வருகைப் பதிவேட்டில் நாங்கள் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்போமே, அதே சங்கதி. கோட்டுக்கு அடியில் பெயரைத் தாராளமாகப் படிக்கலாம்.

1983இல் வந்த டிபி2விலும் ஒரு வரியை நீக்கினால், அந்தப் பக்கத்தில் அந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படும். அதோடு முடியவில்லை. டேட்டாபேஸ் நமக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறது: பாதி வேலையில் கரண்ட் போனாலும் எதுவும் கெடாது, பழைய நிலைக்கே திருப்பித் தருவேன் என்று. அந்த வாக்கைக் காப்பாற்ற, நீக்குவதற்கு முன் பழைய வரியை 'லாக்' என்ற நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்த லாக் நிறைந்ததும் அதன் நகல் டேப்புக்குப் போகும். இது போக, 'இமேஜ் காப்பி' என்று அவ்வப்போது முழு நகல் எடுப்பார்கள். வேறு துறைக்கு ஒரு பட்டியல் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். புது மென்பொருளைச் சோதிக்க ஒரு பிரதி எடுத்திருப்பார்கள். நீங்கள் நீக்கியது ஒரு வரி. அது ஐந்தாறு இடத்தில் குடியிருக்கிறது. ஒரு வீட்டைக் காலி செய்ததற்கு ஊரையே காலி செய்துவிட்டதாகச் சொல்ல முடியுமா?

டேப் என்றதும் என் வீட்டுக்காரர் நினைவு வருகிறது. உறவுகளில் பலருக்கு அவர் மாமா, சித்தப்பா. வீட்டுக்கு வந்த மாணவர்களுக்கு 'சார்'. அவர் பணிக்காலம் முழுவதும் ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். ஆரம்ப வருடங்களில் டேப் லைப்ரரியில் வேலை. சாப்பாட்டுத் தட்டு அளவு ரீல்கள், வரிசை வரிசையாக. ரீலின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினால்தான் அதில் எழுத முடியும். வளையம் இல்லாவிட்டால் படிக்க மட்டும்தான். முக்கியமான டேப் என்றால் வளையத்தைக் கழற்றிவிடுவார்கள். அப்படிக் கழற்றிய வளையம் இரண்டு எங்கள் வீட்டில் ரொம்ப நாள் கிடந்தது. என் மகள் அதை வளையல் என்று மாட்டிக்கொண்டு திரிவாள்.

அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை 'ஸ்க்ராட்ச் டேப்'. காலக்கெடு முடிந்த டேப்பை ஸ்க்ராட்ச் என்று பட்டியலில் குறிப்பார்கள். இனி யார் வேண்டுமானாலும் அதன் மேல் எழுதலாம் என்று அர்த்தம். "குறிச்சது நோட்டுலதான். டேப்பை யாரும் தொடக்கூட இல்லை" என்பார். இன்னொன்றும் சொல்வார். ஒரு ரீலின் நீளம் 2,400 அடி. பழைய தகவல் முழு நீளமும் இருந்தது, புதிதாக எழுதியது முந்நூறு அடிதான் என்றால், மிச்சம் இரண்டாயிரத்து நூறு அடியிலும் பழையது அப்படியே இருக்கும். முடிவுக் குறியைத் தாண்டிப் போய்ப் படிக்கத் தெரிந்தவன் படித்துவிடுவான். "மேல ஒரு கோட் பெயின்ட் அடிச்சா சுவரு மாறிடுமா?" என்று சிரிப்பார்.

அவர் 2021இல் காலமானார். அதற்குப் பிறகு, இந்த 'டெலிட்' என்ற ஒற்றைச் சொல்லை இரண்டு இடங்களில் நான் கேட்க நேர்ந்தது.

முதல் இடம், குடும்ப ஓய்வூதியம். அவருடைய ஆரம்ப காலச் சம்பள விவரத்தில் ஒரு முரண்பாடு. சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பக்கம் தண்ணீரில் ஊறி எழுத்து கலைந்துவிட்டது. பழைய சம்பள சிஸ்டத்தில் பார்க்கச் சொன்னேன். "அந்த சிஸ்டமே இப்ப இல்லம்மா, பழசெல்லாம் டெலிட் ஆயிடுச்சு" என்றார்கள். ஓய்வூதியம் நின்றது. மாதங்கள் ஓடின. அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு தம்பி தற்செயலாக வீட்டுக்கு வந்தார். அவரிடம் சொன்னேன். "எந்த சிஸ்டத்துல டெலிட் ஆச்சு அக்கா? வருஷக் கடைசி சம்பளக் காப்பியை எல்லாம் அண்ணன்தானே முன்னாடி நின்னு கேட்ரிட்ஜுக்கு மாத்தினாரு!" என்றார். தேடினார்கள். கிடைத்தது. எந்த டேப்பின் வளையத்தை அவர் தன் கையால் கழற்றி வைத்தாரோ, அதன் நகல்தான் எனக்கு மாதாமாதம் அரிசி வாங்கித் தருகிறது.

இரண்டாவது இடம், அவர் ஒரு காலத்தில் சேமிப்பு வைத்திருந்த நிறுவனம். கணக்கை முறைப்படி முடித்தேன். இறப்புச் சான்றிதழ் கொடுத்தேன். அவர் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னேன். "டெலிட் பண்ணிட்டோம் மேடம்" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம் போன். "சார் இருக்காங்களா? அவங்களுக்குத் தனிநபர் கடன் சலுகை ஒன்று வந்திருக்கு." இல்லை என்றேன். "எப்ப வருவாங்க?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

மறுபடி போய்ச் சொன்னேன். மறுபடி டெலிட் ஆயிற்று. மறுபடி போன் வந்தது. அவருடைய பிறந்த நாளுக்கு வாழ்த்துச் செய்தியும் வந்தது. பல மாதம் கழித்து, அந்தத் துறையில் இருக்கும் நம் மாணவி ஒருத்தி விளக்கினாள். "டீச்சர், கணக்கு இருக்கிற இடத்தில் அவங்க நீக்கினது நிஜமாத்தான் இருக்கும். ஆனால் கடன் விற்கிற பிரிவுக்கு எப்பவோ ஒரு பட்டியல் பிரிச்சுக் கொடுத்திருப்பாங்க. அதை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க." அவள் சொல்லிக் கொடுத்தபடி, எந்தெந்தப் பட்டியலில் என்று கேட்டு எழுத்தில் கொடுத்தேன். அதன்பின் போன் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரே மனிதரின் விவரம். ஓர் இடத்தில் டெலிட் ஆகிவிட்டது என்றார்கள். இருந்தது, நான் பிழைத்தேன். இன்னோர் இடத்தில் டெலிட் ஆகிவிட்டது என்றார்கள். இருந்தது, நான் ஒவ்வொரு முறையும் நொந்தேன். இரண்டு இடத்திலும் யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லுக்கு அப்பால் யாரும் கேட்கவில்லை.

இதே சொல்லை நம்பி அமெரிக்காவில் வெள்ளை மாளிகையிலேயே ஏமாந்தவர்கள் உண்டு. 1980களில் அங்கே தேசியப் பாதுகாப்புக் குழுவில் 'ப்ராஃப்ஸ்' என்ற மின்னஞ்சல் முறை இருந்தது. ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் ஓடியது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகரகுவாவில் கான்ட்ரா என்ற ஆயுதக் குழுவுக்குத் திருப்பிய விவகாரம் 1986 நவம்பரில் வெடித்தது. பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டரும் அவருக்குக் கீழிருந்த ஆலிவர் நார்த்தும் தங்கள் செய்திகளை உட்கார்ந்து நீக்கினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஐயாயிரத்துக்கு மேல். காகிதங்களை நார்த்தின் அலுவலகத்தில் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டார்கள்.

துண்டான காகிதம் போனது போனதுதான். மெயின்ஃப்ரேமில் நீக்கியது போகவில்லை. கம்ப்யூட்டரைப் பராமரித்த பிரிவு, வழக்கம்போல பேக்கப் டேப் எடுத்து வைத்திருந்தது. சாதாரணமாகக் கொஞ்ச நாளில் மறுபடி மேலே எழுதப் போகும் டேப்கள்தான். விசாரணை வந்ததால் தனியே எடுத்து வைத்தார்கள். அதிலிருந்து செய்திகளை மீட்டு, டவர் கமிஷன் 1987 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில் சேர்த்தது. பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும் என்றுதான் நம்பியிருந்தோம் என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் நார்த்தே சொன்னார்.

கதை அங்கேயும் முடியவில்லை. ரீகன் பதவியை விட்டு இறங்குவதற்கு முந்தின நாள், 1989 ஜனவரி 19, அந்த டேப்களை யாரும் அழித்துவிடக் கூடாது என்று பத்திரிகையாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் என்ற தனியார் ஆய்வு அமைப்பும் நீதிமன்றம் போனார்கள். தடை கிடைத்தது. மின்னஞ்சலும் அரசு ஆவணம்தான், அச்செடுத்த காகிதம் அதற்கு ஈடாகாது என்று 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நீக்கியது அழியாமல் கிடந்ததால்தான் மக்களுக்கு உண்மை தெரிந்தது.

ஆகவே, எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எதை வைத்திருக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்பது தீர்மானமாக இருக்க வேண்டும். டெலிட் பொத்தான் அந்தத் தீர்மானத்தை நமக்காக எடுப்பதில்லை.

சரி, உண்மையாக அழிப்பது எப்படி? மேனேஜருக்குச் சொல்ல வேண்டியது இந்தப் பகுதிதான்.

ஒன்று, மேலே எழுதுவது. மெயின்ஃப்ரேமில் டெலிட் கட்டளையோடு 'எரேஸ்' என்று சேர்த்துக் கொடுக்க வழி இருக்கிறது. ராக்எஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளில், குறிப்பிட்ட டேட்டா செட்களை யார் நீக்கினாலும் உடனே அந்த ட்ராக்குகள் முழுக்கப் பூஜ்யம் எழுது என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதாவது அட்டையை உருவுவதோடு, அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வெள்ளைத்தாளாக மாற்றிவிட்டு வருவது. இதை யாராவது கேட்டு அமைத்தால்தான் நடக்கும்.

இரண்டு, காந்தப் புலத்தால் டேப்பையும் டிஸ்கையும் கலைப்பது, அல்லது பொடிப்பொடியாக நொறுக்குவது. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய அமைப்பு 2006இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. துடைத்தல், முற்றாகக் களைதல், உடைத்து ஒழித்தல் என்று மூன்று படிகள் அதில் உண்டு. காந்தம் எல்லாவற்றுக்கும் உதவாது. இன்றைய ஃபிளாஷ் சேமிப்பு காந்தத்தால் எழுதப்படுவதில்லை. அதனால் காந்தத்துக்கு அழியாது. மேலே எழுதினாலும், ஃபிளாஷ் தன் வசதிக்கு வேறு இடத்தில் எழுதிக்கொள்ளும். பழையது ஒரு மூலையில் தங்கிவிடும்.

மூன்று, சாவியை உடைப்பது. முதலிலிருந்தே தகவலைச் சங்கேதமாகப் பூட்டி வைத்துவிட்டால், அழிக்க வேண்டிய நாளில் சாவியை மட்டும் ஒழித்தால் போதும். அந்தப் பூட்டோடு எடுத்த நகல்கள் பத்து இடத்தில் இருந்தாலும் பத்தும் வெறும் கிறுக்கல். 2017இல் வந்த இசட்14 மெயின்ஃப்ரேமில் எல்லாத் தகவலையும் பூட்டியே வைக்கலாம் என்பதைத்தான் ஐபிஎம் பெரிதாகச் சொன்னது. ஆனால் சாவிக்கும் நகல் இருக்கும். பூட்டைத் திறந்து வெளியே பிரித்துக் கொடுத்த பட்டியலுக்கு இந்தச் சாவி எதுவும் செய்யாது.

எனக்குப் போன் வந்தது அப்படிப்பட்ட பட்டியலிலிருந்துதான்.

இனி பொதுவாக எல்லோருக்கும். நம் நாட்டில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அதன் 12ஆம் பிரிவு, நம் விவரங்களை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. 14ஆம் பிரிவு, நம் காலத்துக்குப் பிறகு அந்த உரிமையைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் வைத்துத்தான் ஆக வேண்டும். வங்கிகள், கணக்கை முடித்த பிறகும் ஐந்து ஆண்டுகள் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்று சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. அதனால் எந்த அலுவலகத்தில் 'டெலிட் பண்ணிட்டோம்' என்றாலும் எழுந்து வந்துவிடாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். எந்தெந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள்? யார் யாருக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள்? பேக்கப்பில் எத்தனை நாள் இருக்கும்? இதை எழுத்தில் தருவீர்களா? கோபம் வேண்டாம். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அட்டை மட்டும்தான் தெரியும், அலமாரி தெரியாது.

அதே மாதிரி உங்களுக்கு வர வேண்டியது ஏதாவது இருந்து, 'பழசெல்லாம் டெலிட் ஆயிடுச்சு' என்று யாராவது கைவிரித்தால் அப்போதும் நம்பிவிடாதீர்கள். காப்பி எங்கே என்று கேளுங்கள். வயதான பெற்றோருக்காக அலைகிற பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் திரையில் அது ஒரு வரி. நீக்குவதற்கு ஒரு நொடி. அந்த வரிக்கு ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் போன் எடுக்க ஒருத்தி இருக்கிறாள். ஆடிட்டர் கேட்கிற சான்றில் கையெழுத்துப் போடும் முன், விடையைச் சரிபார்க்கச் சொல்லி நான் பரீட்சைக்கு முன் தொண்டை வறளக் கத்துவேனே, அதே மாதிரி ஒருமுறை சரிபாருங்கள். டேட்டாபேஸ், லாக், இமேஜ் காப்பி, பிரித்துக் கொடுத்த பட்டியல், சோதனைப் பிரதி என்று ஐந்தையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள்.

டேப் லைப்ரரியிலோ டிபி2விலோ அனுபவம் உள்ளவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பெயர், நிறுவனம் வேண்டாம், விஷயம் போதும். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேரப் பிள்ளைகளுக்கு என் ஆசி.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்